வேரைப் பார்த்தால் தெரியும்

ஓர் ஆர்க்கிட் செடி காட்டில் பிறந்ததா, குப்பியில் பிறந்ததா என்று அறிய அது பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொட்டியிலிருந்து மெல்ல உருவி வேரைப் பார்த்தால் போதும். மரப்பட்டையில் ஒட்டி வளர்ந்த வேர் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பட்டையின் மேடுபள்ளம் அந்தப் பக்கத்தில் அச்சுபோலப் பதிந்திருக்கும். மரத்திலிருந்து பிய்க்கும்போது பல இடங்களில் வேரின் வெள்ளை உறை பட்டையிலேயே தங்கிவிடும்; அங்கே செடியோடு வருவது நடுவிலிருக்கும் நார் மட்டுமே. நர்சரியில் வளர்ந்த வேர் உருண்டையாக இருக்கும். தொட்டியின் சுவரைச் சுற்றி வளைந்து, கரித்துண்டையும் செங்கல் துண்டையும் கவ்விப் பிடித்திருக்கும். இலையும் சாட்சி சொல்லும். காட்டு இலையில் பூச்சி கடித்த ஓட்டை, வெயில் தழும்பு, சாம்பல் நிறத்தில் படிந்த பாசித் திட்டு எல்லாம் இருக்கும். சில சமயம் வேரிடுக்கில் ஒரு குட்டிப் பெரணியும் முளைத்திருக்கும். ஒரு தட்டில் இருபது செடிகள் இருந்தால், விதையிலிருந்து வந்தவை இருபதும் ஒரே உயரத்தில் ஒரே வயதில் நிற்கும். காட்டிலிருந்து வந்தவை கல்யாண வீட்டுக் கூட்டம்போல எல்லா வயதிலும் இருக்கும்.

ஜொகூரில் ஆர்க்கிட் வளர்த்து விற்கும் எங்கள் தொழிலில் இந்தக் கண் இல்லாதவர் யாருமில்லை. மொத்தக் கொள்முதலில் ஒரு கட்டு செடி கைக்கு வந்த சில நொடிகளிலேயே அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மரத்திலிருந்தோ பாறையிலிருந்தோ பிய்த்த செடி எந்த நர்சரியின் மேசைக்கும் வரக்கூடாது. விற்கப்படும் ஒவ்வொரு செடியும் விதையிலிருந்தோ, நர்சரியில் ஏற்கெனவே இருக்கும் செடியைப் பிரித்தோ வந்ததாக இருக்க வேண்டும். இந்தக் கதவை அரசாங்கம் அடைக்கும் என்று காத்திருக்காமல் தொழிலே அடைக்க வேண்டும். காட்டுச் செடியை அடையாளம் காணும் திறமை தொழிலில் இருப்பவரிடம்தான் இருக்கிறது. ஆகவே பொறுப்பும் அங்கேதான் தொடங்குகிறது.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975-இல் நடைமுறைக்கு வந்தபோதே ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அதன் பட்டியலில் இருந்தது. மலேசியா 1977-இல் அதில் சேர்ந்தது. செருப்பு வடிவப் பூவுள்ள பாபியோபெடிலம் வகைகள் 1990-இல் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. 2008-இல் மலேசிய நாடாளுமன்றம் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி, காப்புக் காட்டிலிருந்து உரிமமில்லாமல் ஒரு கொடியை எடுத்தாலும் குற்றம். ஆனால் சைட்டிஸ் கண் வைத்திருப்பது எல்லை தாண்டும் வணிகத்தின் மேல். பாந்தி மலையடிவாரத்தில் பிய்த்து குளுவாங்கில் விற்ற செடி எந்தச் சுங்கச் சாவடியையும் கடப்பதில்லை. தீபகற்பத்தில் 800-க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் பதிவாகியிருக்கின்றன. பூவில்லாத நேரத்தில் அவற்றில் பாதியைத் தாவரவியல் படித்தவரே பிரித்துச் சொல்லத் திணறுவார். அதை ஓர் அமலாக்க அதிகாரியிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. எந்த இனம் என்று சொல்ல முடியாவிட்டாலும், காட்டுச் செடியா இல்லையா என்று சொல்ல முடியும். அந்தப் பதில் வேரில் இருக்கிறது. வேரைத் தினமும் பார்ப்பவர்கள் நாங்கள்.

ஒன்றிரண்டு செடி எடுத்தால் காடு குறைந்துவிடுமா என்று கேட்பவர்களுக்கு ஆர்க்கிட்டின் வாழ்க்கையைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். ஒரு காயில் லட்சக்கணக்கில் விதைகள் இருக்கும், மாவைப்போல. காற்றில் பறக்கும்படி அவ்வளவு இலேசாக இருப்பதற்குக் காரணம், முளைக்கு வேண்டிய சோற்றை விதை தன்னோடு எடுத்துப்போவதில்லை. விழுந்த இடத்தில் சரியான பூஞ்சை இருந்து, அது விதைக்குள் புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயெல் பெர்னார் 1899-இல் கண்டுபிடித்த உண்மை இது. சரியான மரம், சரியான ஈரம், சரியான பூஞ்சை மூன்றும் கூடும் இடம் அபூர்வம். கூடினாலும் பூக்கிற வயதுக்கு வரப் பல வருடங்கள் ஆகும். பறிப்பவரோ நாற்றைத் தேடுவதில்லை. பூத்து நிற்கும் பெரிய செடியைத்தான் தேடுகிறார். ஆக, காட்டை விட்டுப் போவது ஒவ்வொரு முறையும் விதை தரும் தாய். மரமே இல்லாத புல்வெளிகளிலும் கதை இதுதான். துருக்கியின் பீடபூமியில் நிலத்தில் வளரும் ஆர்க்கிட்டின் கிழங்கைத் தோண்டிக் காயவைத்து 'சாலெப்' என்ற மாவாக்குகிறார்கள். ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்திலிருந்து நாலாயிரம் கிழங்குகள்வரை போகும் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கிழங்கும் ஒரு செடி. அங்கே மண்வெட்டி செய்வதை இங்கே மெல்லிய கத்தி செய்கிறது.

எங்கள் தொழிலுக்கு இதில் ஒரு பழைய கடனும் இருக்கிறது. ஜொகூரின் மிக உயர்ந்த மலை குனோங் லேடாங், 1,276 மீட்டர். ஆங்கிலேயர் அதை மவுண்ட் ஓஃபிர் என்று எழுதினார்கள். அந்த மலையின் நிழலில், பாசி படிந்த பாறைகளிலும் இலைமக்கிலும் வளர்வது பாபியோபெடிலம் பார்பாட்டம். பச்சையில் கரும்புள்ளிக் கோலமிட்ட இலை, மேலிதழில் ஊதா வரிகள், பக்க இதழ்களின் விளிம்பில் மரு வைத்தாற்போலக் கருத்த பொட்டுகள். ஹியூ கமிங் என்ற சேகரிப்பாளர் 1838-இல் இங்கிருந்து அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். வீட்ச் நர்சரியில் ஜான் டோமினி இதை இன்னொரு செருப்பு ஆர்க்கிட்டோடு சேர்த்து உருவாக்கிய ஹாரிசியானம் 1869-இல் பூத்தது. செருப்பு ஆர்க்கிட்டுகளில் உலகின் முதல் கலப்பினம் அதுதான். இன்று பூக்கடைகளில் நிற்கும் செருப்பு ஆர்க்கிட் கலப்பினங்களின் வரலாற்றில் முதல் பக்கம் லேடாங் மலையின் ஒரு செடி. கொய்மலர் பக்கம் வந்தாலும் அப்படித்தான். கடலோர மணற்புதர்களின் தேள் ஆர்க்கிட்டான அராக்னிஸ் ஹூக்கெரியானாவை ஒரு பெற்றோராக வைத்து ஜான் லேகாக் உருவாக்கிய மேகி ஊய் 1940-இல் பதிவானது. போருக்குப் பின் சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்கு விமானம் ஏறிய கொய்மலர் வணிகம் அதன் தோளில்தான் நின்றது. அராண்டா, மொக்காரா என்று ஜொகூர் பண்ணைகளில் பாத்தி பாத்தியாக வெயிலில் நிற்கும் செடிகளின் வம்சத்திலேயே அராக்னிஸ் கலந்திருக்கிறது. காடு எங்களுக்கு முதல் போட்டிருக்கிறது. வட்டிகூடக் கட்டாமல் முதலையே அரித்துத் தின்பது தொழிலுக்கு அழகில்லை.

அந்தக் காலத்தில் பறிப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று சொல்லலாம். அதில் உண்மை உண்டு. டோமினி காலத்தில் தாய்ச்செடியின் அடியில் விதையைத் தூவிவிட்டு அதிர்ஷ்டத்தை நம்பியிருந்தார்கள். 1922-இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன், சர்க்கரையும் உப்புகளும் கலந்த அகார் ஊடகத்தில் பூஞ்சையே இல்லாமல் விதையை முளைக்கவைத்துக் காட்டியபோது அந்தச் சாக்கு முடிந்தது. சில ஆண்டுகளிலேயே, 1928 வாக்கில், எரிக் ஹோல்ட்டம் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் அந்த முறையைத் தொடங்கிவிட்டார். இன்று இந்த வேலைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. டெண்ட்ரோபியம் காய் மூன்று, நான்கு மாதத்தில் தேறும். வெடிப்பதற்கு முன் பச்சையாகவே அறுக்க வேண்டும். குளோராக்ஸ் கரைசலில் ஊறவைத்து, சாராயத்தில் முக்கி, தீயில் ஒருமுறை காட்டி, காற்று வடிகட்டும் பெட்டிக்குள் வைத்து அறுத்து, உள்ளிருக்கும் தூளைக் குப்பிக்குள் தூவ வேண்டும். ஊடகத்தில் வாழைப்பழமோ உருளைக்கிழங்கோ இளநீரோ சேர்ப்பது அவரவர் கைப்பக்குவம். சில வாரங்களில் தூள் பச்சை மணியாகும், மணி இலை விடும், நெருக்கம் தாங்காமல் வேறு குப்பிக்கு மாற்ற வேண்டி வரும். ஏறக்குறைய ஒரு வருடத்தில் நாற்று வெளியே வரும். அதன் பிறகு டெண்ட்ரோபியம் பூக்க இரண்டு மூன்று வருடம். பாபியோபெடிலத்துக்கு இன்னும் கூடுதல் பொறுமை வேண்டும். ஒரு காய் ஆயிரம் நாற்றுகள் தரும். மரத்தில் ஒரு காயை எடுத்து மற்றவற்றை வெடிக்க விட்டால் தாய்க்கு ஒரு குறையும் இல்லை.

இங்கேதான் வலுவான மறுப்பு எழும்: வெட்டப்படப்போகிற மரத்திலிருந்து எடுத்தால் என்ன தவறு? எடுக்காவிட்டால் காய்ந்துதானே சாகும்? இந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளமாட்டேன், ஏனென்றால் அதன் பின்னால் ஒரு பெரிய உண்மை நிற்கிறது. ஜொகூரின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்று செம்பனை. 1930-களில் தாவரவியலாளர் இ.ஜே.எச். கார்னர் ஸெடிலி ஆற்றோரச் சதுப்புக் காடுகளில் சுற்றினார். உச்சிக் கிளையில் இருப்பதை எட்ட முடியாமல், தேங்காய் பறிக்கப் பழக்கும் பெரோக் குரங்குகளையே தாவரம் பறிக்கப் பழக்கினார். தென் ஜொகூர் சதுப்புக் காடுகளைப் பற்றிய அவருடைய நூல் 1978-இல் வெளிவந்தபோது, அவர் பார்த்த காடுகளில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. அந்தக் கிளைகளில் தொற்றியிருந்த ஆர்க்கிட்டுகளை யாரும் திருடவில்லை, மரத்தோடு போயின. ஆகவே பறிப்பவரைவிட மண்வாரி இயந்திரமே பெரிய எதிரி என்று ஒருவர் சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன். முறைப்படி வெட்ட அனுமதி பெற்ற இடத்தில், சாய்ந்த மரத்தின் உச்சியில் கிடக்கும் செடிகளை எடுப்பது நல்ல காரியம். கட்டை லோரியில் ஏறிப் போகும், உச்சிக்கிளைகள் அங்கேயே வெயிலில் கிடக்கும், சில வாரங்களில் எல்லாம் கருகிவிடும். எடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் எடுத்ததை விற்கக்கூடாது. மீட்ட செடிக்கு விலை வைத்த அன்றிலிருந்து, விற்பவர் வாயில் ஒவ்வொரு மரமும் 'வெட்டப்போகிற மரம்' ஆகிவிடும். வாங்குபவர் அதைச் சரிபார்க்கப் போவதில்லை. மரம் இருந்த இடம்கூட அவருக்குத் தெரியாது. மீட்பு, களவு இரண்டிலும் வேர் ஒரே மாதிரிதான் கிழிந்திருக்கும். என் கண்ணால்கூட அவற்றைப் பிரிக்க முடியாது, ஆகவே சந்தையில் அவற்றுக்கு ஒரே விதிதான் இருக்க முடியும். மீட்ட செடி வனத்துறை அறிய, எந்த இடம், எந்த மரம், எந்த நாள் என்ற குறிப்போடு ஒரு தாவரச் சேகரிப்புக்குப் போக வேண்டும். அங்கே பூக்கட்டும், மகரந்தம் சேர்க்கட்டும். காயைக் குப்பியில் போட்டு வரும் நாற்றை விற்கலாம். தாய் விற்பனைக்கு இல்லை, பிள்ளைகள் விற்பனைக்கு உண்டு. இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசை என்றால், கலப்பினங்களின் தாய்ச்செடிகளை நாங்கள் ஏற்கெனவே இப்படித்தான் வைத்திருக்கிறோம் என்பதை நினைவூட்டுவேன். நல்ல தாய்ச்செடியை எந்த நர்சரிக்காரரும் விற்பதில்லை.

இன்னொரு மறுப்பு, ஏமாற்றுக்காரர்களைப் பற்றியது. காட்டுச் செடியை ஒரு வருடம் தொட்டியில் வைத்தால் புது வேரும் புது இலையும் விட்டுவிடும், அதை 'நர்சரிச் செடி' என்று விற்பார்களே என்பது. நடக்கிற காரியம்தான். ஆனாலும் பழைய தண்டு பொய் சொல்லாது. கீழே போகப்போக இலையுதிர்ந்து சுருங்கிய, சீரற்ற உயரமுள்ள பழந்தண்டுகள் அந்தச் செடியின் பத்து வருட வரலாற்றை வைத்திருக்கும். இரண்டு வருடத் தொட்டியில் பத்து வருடத் தண்டு எப்படி வந்தது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களின் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. காட்டை நன்றாக அறிந்தவர்களுக்கு ஒரு செடிக்குக் கிடைப்பது இடைத்தரகர் கொடுக்கும் சில ரிங்கிட்; செடி போனால் அடுத்த வருடம் அதுவும் இல்லை. அதே மரத்தில் அதே செடியிலிருந்து வருடாவருடம் ஒரு காய் கொண்டுவர அவர்களுக்கு நியாயமான கூலி கொடுப்பது நர்சரிக்குக் கட்டுப்படியாகும். மரத்தில் எது எப்போது பூக்கிறது, காய் எப்போது தேறும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? உரிமம் வேண்டும், ஒழுங்கு வேண்டும். அதற்காக நர்சரிகள் சேர்ந்து வனத்துறையிடம் பேசலாம்.

இதற்கு நேர்மாறான ஒரு பேச்சும் எங்கள் தொழிலில் உலவுகிறது. குப்பியில் ஆயிரமாயிரமாய்ப் பெருக்கிவிட்டோம், இனி இனம் அழியாது, காட்டைப் பற்றிய கவலை எதற்கு என்பது அது. இதை ஏற்றுக்கொண்டால் நான் மேலே சொன்னதெல்லாம் வீண். பாபியோபெடிலம் வியட்நாமென்சே 1999-இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. சில ஆண்டுகளுக்குள் அது வளர்ந்த இடத்தையே துடைத்தெடுத்துவிட்டார்கள். இன்று விதையிலிருந்து வளர்த்த வியட்நாமென்சே பல நாடுகளில் கிடைக்கிறது, மலிவாகவும் கிடைக்கிறது. காட்டில் தேடினால் கிடைப்பது அரிது. தொட்டியில் இருக்கும் செடிக்குப் பூஞ்சை தெரியாது, அதன் பூவைத் தேடிவரும் பூச்சி தெரியாது. பெரிய பூ, அழுத்தமான நிறம், சீக்கிரம் பூக்கும் குணம் என்று தலைமுறைக்குத் தலைமுறை நாங்கள் பொறுக்குவது எங்கள் வசதிக்காக; காட்டில் பிழைப்பதற்கு வேண்டிய குணத்தை நாங்கள் பொறுக்குவதில்லை. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், பதிவான 220-க்கு மேற்பட்ட சொந்த இனங்களில் பெரும்பாலானவை இப்போது அங்கே இல்லை. 1995-இலிருந்து பூங்காத் துறையினர் விதையிலிருந்து வளர்த்த நாற்றுகளைச் சாலை மரங்களிலும் பூங்கா மரங்களிலும் கட்டிவருகிறார்கள். ஒரு டன்னுக்கும் மேல் எடை போடக்கூடிய புலி ஆர்க்கிட் அதில் ஒன்று. மதிக்க வேண்டிய உழைப்பு. ஆனால் ஒரு நாற்றைக் கிளையில் கட்டி, வேர் பிடிக்கும்வரை பார்த்து, அது தானே விதைத்துப் பெருகுமா என்று வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எண்டாவ் ரொம்பினில் அதே வேலையைக் காடு கூலியில்லாமல் செய்கிறது. அந்தக் காட்டுக்காக மலாயா இயற்கைக் கழகம் 1985-இல் ஆய்வுப் பயணம் நடத்தி, 1993-இல் ஜொகூர்ப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதால்தான் இன்று அங்கே அது நடக்கிறது. குப்பி பறிப்பவரின் விலையை உடைக்கும். மரத்துக்கு மாற்றாக அதை நிறுத்த முடியாது.

மரம் என்றால் தேசியப் பூங்காவின் மரம் மட்டுமில்லை. தோட்டங்களில் செம்பனையை இருபத்தைந்து வருடத்தில் அழித்து மறுநடவு செய்கிறார்கள். பால்மரத்துக்கும் ஏறக்குறைய அதே ஆயுள். ஓர் ஆர்க்கிட் குடியேறித் தலைமுறை காண அந்த அவகாசம் பற்றாது. அதே தோட்டத்தில் கோயில் வாசலிலும், பழைய மருத்துவமனைச் சாலையிலும் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கு அந்த அவகாசம் இருந்திருக்கிறது. அதன் கிளையில் அடர்ந்திருக்கும் பச்சையைப் பார்த்து நம் மக்கள் 'புல்லுருவி' என்பார்கள், மரத்தை உறிஞ்சிக் கொல்லும் என்று வெட்டச் சொல்வார்கள். புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை எடுக்கும். ஆர்க்கிட்டின் வேர் பட்டையின் மேலேயே படர்ந்து, வழியும் மழைநீரையும் படியும் தூசியையும் உண்டு வாழும். மரத்திடம் அது கேட்பது நிற்க ஓர் இடம். இந்த வேறுபாடு தெரியாமல் நகராண்மைக் கிளைவெட்டலில் போன செடிகள் எத்தனையோ.

அந்த மரங்களில் பெரும்பாலும் இருப்பது புறா ஆர்க்கிட், மலாயில் அங்கெரிக் மெர்பாத்தி, டெண்ட்ரோபியம் குருமெனாட்டம். அபூர்வமில்லை, விலையில்லை, ஆகவே பறிப்பாரும் இல்லை. அதன் மொட்டுகள் ஓரளவு வளர்ந்து அப்படியே நின்றுவிடும். வெயிலில் கொதித்த பிற்பகலில் பெரிய மழை கொட்டி, வெப்பம் சட்டென்று ஐந்து டிகிரிபோல இறங்கினால், மொட்டுகள் மறுபடி வளரத் தொடங்கி ஒன்பதாம் நாள் விடியலில் ஊரிலுள்ள அத்தனை செடிகளும் ஒன்றாகப் பூக்கும். மணம் தெருவுக்கே வரும், தேனீ வரும், ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போகும்; அன்று மாலைக்குள் பூ வாடத் தொடங்கும். ஜொகூர் பாருவிலோ மூவாரிலோ எந்தச் சாலை மரத்தில் ஆர்க்கிட் இருக்கிறது என்று கணக்கெடுக்க இதைவிட எளிய வழி கிடையாது. பெருமழை பெய்த நாளை நாட்காட்டியில் குறித்துவைத்து, ஒன்பதாம் நாள் காலை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நடந்தால், வெள்ளையாகத் தெரியும் ஒவ்வொரு கிளையும் ஒரு பதிவு. அந்தப் பட்டியல் கையில் இருந்தால், சாலையை அகலப்படுத்த வருபவர்களிடம் எந்த மரத்தைப் பற்றி முதலில் பேச வேண்டும் என்று தெரியும்.